தெருவோரத்து நான்கு அடி மண்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
ஆணையர் அவர்கள், பூங்கா, மழைநீர் வடிகால், சாலைப் பிரிவுகளின் பொறியாளர்கள், 200 வார்டுகளின் மாமன்ற உறுப்பினர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை.

வணக்கம்.

ஜூன் 5 உலகச் சுற்றுச்சூழல் நாள். அன்று நகரமெங்கும் மரக்கன்று நடுவது வழக்கமாகிவிட்டது. கத்திரி வெயில் கழிந்து ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். வடகிழக்குப் பருவமழை வர இன்னும் நான்கு மாதத்துக்கு மேல் கிடக்கிறது. மேற்குக் கரைக்குப் பொருந்தும் தேதி நமக்குப் பொருந்தாது. சென்னையின் ஆண்டு மழை சுமார் 1,400 மி.மீ.; அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். ஆடி பிறந்து, மாலையில் இடிமழை எட்டிப் பார்க்கத் தொடங்கிய பிறகு நட்ட கன்று, ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துக்கொள்ளும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது உழவருக்கு மட்டும் சொன்னதல்ல.

தேதியை மாற்ற ஒரு சுற்றறிக்கை போதும். இந்த மடல் குழியைப் பற்றியது. அதை மாற்றுவது அவ்வளவு எளிதல்ல.

தெருவோரத்தில் கன்று நட வழக்கமாகத் தோண்டுவது இரண்டடி நீள, அகல, ஆழக் குழி. அதில் பிடிக்கும் மண் 0.2 கன மீட்டர், அதாவது ஒரு 200 லிட்டர் டிரம் அளவு. பூவரசு, புங்கன் போன்ற நடுத்தர மரம் முழுதாக வளர 8 முதல் 10 கன மீட்டர் இளகிய மண் வேண்டும். நாற்பது டிரம்முக்கு மேல் கேட்கும் உயிருக்கு ஒரு டிரம் கொடுக்கிறோம். குழியைச் சுற்றிலும் ரோலர் ஓடி இறுகிய சாலை அடித்தளம், பழைய கட்டட இடிபாடு, கான்கிரீட் வடிகால் சுவர். வேருக்குப் போக இடமில்லை. பேவர் பிளாக்குக்கு அடியில் பரப்பிய மணல் அடுக்கில் மட்டும்தான் காற்றும் ஈரமும் கிடைக்கின்றன. வேர் அங்கேதான் ஓடும், நடைபாதையைத் தூக்கும். பிறகு ‘நடைபாதையைக் கெடுத்த மரம்’ என்று பெயர் வாங்கி வெட்டுப்படும்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நட்ட கன்றுகளை எண்ணுவதை நிறுத்திவிட்டு, வேருக்கு விட்ட மண் எத்தனை கன மீட்டர் என்று எண்ணத் தொடங்குங்கள். 2023இல் வெளியிட்ட காலநிலைச் செயல்திட்டத்தில் வெப்பம், வெள்ளம் என்று என்ன எழுதியிருந்தாலும், அது தெருவுக்கு வந்து இறங்கும் இடம் கெர்ப் கல்லை (சாலையின் விளிம்புக் கல்லை) ஒட்டிய நான்கு அடி அகலம்தான். அந்த நான்கு அடியைப் பூங்காத் துறை ஒருமுறை தோண்டுகிறது, வடிகால் துறை ஒருமுறை, குடிநீர் வாரியம், மின்வாரியம், இணையக் கம்பிவடக்காரர்கள் தனித்தனியாக. ஒருவர் வரைபடத்தில் மற்றவர் இல்லை.

அந்த நான்கு அடியை மண்ணாக விட்டால் தண்ணீருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 30 அடி (9 மீட்டர்) அகலம், 200 மீட்டர் நீளமுள்ள ஒரு குறுக்குத் தெருவின் பரப்பு 1,800 சதுர மீட்டர். 60 மி.மீ. மழை பெய்தால் 1,08,000 லிட்டர். வீட்டுக் கூரைகளைச் சேர்க்காமலே ஒன்பது தண்ணீர் லாரி (12,000 லிட்டர் லாரி). தெருவின் ஒரு பக்கம், 8 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் ஆழத்தில் எட்டுப் பள்ளங்கள் எடுங்கள். மேலே 15 செ.மீ. தண்ணீர் நிற்க இடம் விட்டு, கீழே 85 செ.மீ. மணல் கலந்த மண் நிரப்புங்கள். மேலே நிற்பதும் மண் இடுக்கில் பிடிப்பதுமாகச் சுமார் 24,000 லிட்டர் அங்கேயே தங்கும். ஒன்பது லாரியில் இரண்டு.

மீதி ஏழு லாரி வடிகாலுக்குத்தான் போகும். இதை மறைக்கக் கூடாது. மழையை மண்ணே உறிஞ்சிக்கொள்ளும் ‘பஞ்சு நகரம்’ என்று பெயர் வைத்துவிட்டு வடிகாலே வேண்டாம் என்பவர்கள் 2015 டிசம்பரையும் 2023 டிசம்பரின் மிக்ஜாம் புயலையும் மறந்தவர்கள். அப்படிப்பட்ட மழைக்கு இந்தப் பள்ளங்கள் போதவே போதா. ஆனால் 13 மி.மீ. வரையான மழை முழுவதும் வடிகாலைப் பார்க்காமல் மண்ணுக்குள் போய்விடும். ஆண்டில் பெய்யும் மழைநாட்களில் பெரும்பாலானவை இந்த அளவு தூறலும் தூவானமும்தான். பெருமழையிலும் முதலில் ஓடிவரும் தண்ணீர்தான் எண்ணெய், டயர்த் தூசி, குப்பை எல்லாம் சுமந்து வருவது. அது பள்ளத்தில் நின்றுவிட்டால் கூவத்துக்கும் அடையாறுக்கும் அந்த அளவு அழுக்கு குறையும். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டதைப் பார்த்த ஊருக்கு நிலத்தடியில் இறங்கும் இரண்டு லாரியின் மதிப்பை விளக்க வேண்டியதில்லை.

பள்ளம் எடுக்கும் முன் மண்ணைப் பாருங்கள். சென்னைக்கு ஒரே வரைபடம் போட்டால் பாதி நகரத்தில் தோற்கும். பெசன்ட் நகர், திருவான்மியூர், கொட்டிவாக்கம் பக்கம் கடற்கரை மணல்; தியாகராய நகர், மாம்பலம், அண்ணா நகர், விருகம்பாக்கம் பக்கம் களி; கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம் பக்கம் சில அடிக்குக் கீழே பாறை. 1920களில் மாம்பலம் ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை எழுப்பினார்கள். மேற்கு மாம்பலத்தில் ‘லேக் வியூ’ சாலை இன்றும் இருக்கிறது, பார்ப்பதற்கு ஏரிதான் இல்லை. அதன் களி மட்டும் கீழே அப்படியே கிடக்கிறது. ஒரே தெருவில் இந்த முனையில் மணலும் அந்த முனையில் களியும் இருப்பதும் உண்டு. அதனால் 50 மீட்டருக்கு ஒரு சோதனைக் குழி போடுங்கள். ஓர் அடி அகலம், இரண்டடி ஆழம் போதும். விளிம்புவரை தண்ணீர் ஊற்றி முழுதும் வடிய விடுங்கள். இது மண்ணை ஊற வைக்க. இரண்டாம் முறை ஊற்றி, ஒரு குச்சியில் அளவு குறித்து, மணிக்கு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்று பாருங்கள். முதல் முறை இறங்கும் வேகத்தை நம்பி ஏமாறுவதுதான் வழக்கமான தவறு. காய்ந்த களிகூட முதல் தண்ணீரை மளமளவென்று குடிக்கும். ஒரு மேஸ்திரி, ஒரு கடப்பாரை, ஏழெட்டுக் குடம் தண்ணீர், ஒரு காலைப் பொழுது: இதற்கு ஆலோசனை நிறுவனம் தேவையில்லை.

மணிக்கு 25 மி.மீ.க்கு மேல் இறங்கினால் அடியில் எதுவும் வேண்டாம், மண் கலவை மட்டும் போதும். 10 மி.மீ.க்குக் கீழே என்றால் அது களி. அங்கே பள்ளத்தின் அடியில் 30 செ.மீ. கனத்துக்கு 20 மி.மீ. கருங்கல் ஜல்லி, அதனுள் துளையிட்ட 4 அங்குல பிவிசி குழாய், அதன் மறுமுனை வடிகாலில். ஜல்லிக்கு மேல் 10 செ.மீ. 6 மி.மீ. பேபி ஜல்லி, அதற்கு மேல் மண். மண்ணுக்கும் ஜல்லிக்கும் நடுவே ஜியோ துணி விரிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நுண்துகள் போய் அதில் படிந்து, ஓரிரு மழைக்காலத்தில் அது பிளாஸ்டிக் தாள் போல ஆகிவிடும். பேபி ஜல்லியே வடிகட்டி. குழாய் வடிகாலில் சேரும் இடம், வடிகாலின் வழக்கமான நீர்மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் எதிர்த்திசையில் வரும், அதோடு சாக்கடையும் வரும். நம் வடிகால்களில் கழிவுநீர் கலக்கும் தெருக்கள் எவை என்பது வார்டுப் பொறியாளருக்குத் தெரியும். அந்தத் தெருவில் முதலில் கழிவுநீர் கலக்கும் வழியை அடைத்து நிறுத்துங்கள், பிறகு பள்ளத்துக்கு வாருங்கள்.

களியில் ஜல்லி அடுக்கு இடத்தைத் தின்றுவிடுவதால் மரத்துக்கு மண் குறையும். அந்தக் குறையைப் பக்கத்துக் கார் நிறுத்துமிடத்துக்கு அடியில் ஈடு செய்யலாம். 40 மி.மீ. ஜல்லி ஐந்தில் நான்கு பங்கு, செம்மண்ணும் தொழு உரமும் ஐந்தில் ஒரு பங்கு கலந்து 60 செ.மீ. நிரப்பி ரோலர் ஓட்டினால், கல்லோடு கல் முட்டிப் பாரத்தைத் தாங்கும். இடுக்கில் வேர் ஓடும். ஸ்டாக்ஹோம் நகரத்தில் இதையே பெரிய கற்களை வைத்து, இடுக்கில் மண்ணையும் மரக்கரியையும் தண்ணீர் பாய்ச்சி இறக்கிச் செய்கிறார்கள். மரக்கரிக்கு நாம் எங்கும் போக வேண்டாம். ராமநாதபுரத்தில் சீமைக் கருவேலத்தை மூட்டம் போட்டு மூட்டை மூட்டையாக எடுக்கிறார்கள். தொழு உரத்தில் ஊற வைத்த பிறகு போட வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். பச்சைக் கரி, இருக்கும் சத்தையும் முதலாண்டில் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

மண் கலவை: மணல் 60 பங்கு, செம்மண் 25, மக்கிய தொழு உரம் 15. உரத்தைத் தாராளமாகப் போட்டால் நல்லதுதானே என்று தோன்றும். அது மக்கி மக்கி ஓராண்டில் தரை அரை அடி இறங்கும், கன்றும் கூடவே இறங்கும், தூரில் தண்ணீர் நின்று அழுகும். ஆற்று மணல் கிடைக்காது, எம்-சாண்ட்தான் என்றால் கழுவியதாக வாங்குங்கள். கல்தூள் கலந்த எம்-சாண்ட் முதல் மழையிலேயே சிமெண்டுப் பால் போல இறுகி அடைத்துவிடும். ‘சவுடு’ என்ற பெயரில் லாரியில் வருவதைக் கையால் பிசைந்து பார்க்காமல் இறக்க விடாதீர்கள். இடிபாட்டுச் சுண்ணாம்பு கலந்த மண்ணின் காரத்தன்மையில் மகிழமும் நாவலும் இரும்புச் சத்து எடுக்க முடியாமல், நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் நிற்கும். அதற்கு உரம் வைத்துப் பயனில்லை. மண்ணையே மாற்ற வேண்டும்.

எல்லாவற்றையும் சரியாகச் செய்துவிட்டுத் தோற்பது, தண்ணீர் பள்ளத்துக்குள் நுழையும் வாயிலில்தான். கெர்ப் கல்லில் விடும் திறப்பு 45 செ.மீ. அகலமாவது இருக்க வேண்டும். ஒரு சாண் ஓட்டையை ஒரு பிளாஸ்டிக் பையும் நான்கு தூங்குமூஞ்சி இலையும் அடைத்துவிடும். திறப்பின் உள்பக்கத் தரை சாலையைவிட 5 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். சம மட்டத்தில் இருந்தால் முதல் வண்டல் படிந்ததுமே தண்ணீர் உள்ளே வராமல் நேரே ஓடும். உள்ளே நுழைந்ததும் ஓரடிக்குக் கருங்கல் பதித்த சிறு வண்டல் தொட்டி ஒன்று. மண்வெட்டியால் ஒரே வீச்சில் அள்ளும் அளவு போதும். அதிகத் தண்ணீர் வெளியேறும் வழி, பள்ளத்தின் தரையிலிருந்து 15 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும், தரை மட்டத்தில் வேண்டாம். இதைத் தரை மட்டத்தில் வைத்துவிட்டு ‘தண்ணீரே நிற்கவில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே தார் போட்டால் இந்த மட்டங்கள் எல்லாம் இரண்டாம் சாலைப் பணியிலேயே பொய்யாகிவிடும். சுரண்டிவிட்டுத்தான் போட வேண்டும் என்ற உத்தரவு ஏற்கெனவே இருக்கிறது. வாயில் மட்டத்தைக் காக்கவும் அதுவே வழி.

சுகாதாரத் துறை கொசு என்று கேட்கும், கேட்க வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை கொசுவாக ஒரு வாரமாவது ஆகும். பள்ளம் 24 மணி நேரத்தில், போனால் 48 மணி நேரத்தில் வடிந்துவிட வேண்டும் என்பதுதான் விதி. வடியவில்லை என்றால் மேல் அரை அடி அடைத்திருக்கிறது. அதை மட்டும் சுரண்டி மாற்றினால் போதும், முழுப் பள்ளத்தையும் தோண்ட வேண்டாம். கார்த்திகையில் நிலத்தடி நீர் தரைக்கு இரண்டு மூன்று அடிக்குள் ஏறிவிடும் தாழ்வான தெருக்களில் இந்தப் பள்ளமே வேண்டாம். அங்கே தண்ணீரை இறக்க இடம் இல்லை.

சரி, நான்கு அடி எங்கிருந்து வரும்? நடைபாதையிலிருந்து எடுக்காதீர்கள். மரத்தைக் காரணம் காட்டிச் சக்கர நாற்காலியையும் தள்ளுவண்டியையும் சாலையில் இறக்குவது பசுமை ஆகாது. கார் நிறுத்தும் ஓரத்திலிருந்து எடுங்கள். ஐந்து கார் நிற்கும் இடத்தில் நான்கு நிற்கட்டும். ஒரு காரின் இடத்தில் ஒரு மரம். எதிர்ப்பு வரும் என்பதை அறிவோம். வரைபடத்தில் ஒளித்து வைத்துக் கடைசி நேரத்தில் தோண்டுவதைவிட, தெருவில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஒரு வாரம் விட்டுவிட்டுத் தோண்டுவது அந்த எதிர்ப்பைப் பாதியாக்கும். வீட்டு வாசல் எது, பழக்கடைக்காரர் நிற்கும் இடம் எது என்று அந்த ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். கடலோரத்து ஈரக்காற்றில் மரம் காற்றைக் குளிரவைப்பது ஓரிரு டிகிரிதான்; அதன் பெரும் உதவி, வெயில் உடம்பிலும் தாரிலும் சுவரிலும் நேரே விழாமல் தடுப்பது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல் வெயில் விழும் கிழக்குப் பக்க நடைபாதைக்கும், பேருந்து நிறுத்தங்களின் மேற்கிலும்தான் நிழல் முதலில் வேண்டும். சமச்சீராக இருபுறமும் நட்டுப் படம் எடுப்பது பிறகு ஆகட்டும்.

ஏற்கெனவே நிற்கும் மரங்களுக்கு வருகிறோம். புதுக் கன்று நூறு நடும் செலவில் கொஞ்சத்தை இவற்றுக்குக் கொடுத்தால் பலன் அடுத்த கோடையிலேயே தெரியும். மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இல் டெல்லி வழக்கில் சொல்லிவிட்டது. தூரைக் கவ்விக் கிடக்கும் பேவர் பிளாக்கையும் சிமெண்டு மேடையையும் எடுங்கள். ஜேசிபி வேண்டாம், கடப்பாரையும் உளியும் மட்டும். எடுத்த இடத்தில் மண் கொட்டி மேடாக்காதீர்கள், தூரின் பட்டை மண்ணுக்குள் போனால் அழுகும். இரண்டு விரல்கடைக்குத் தொழு உரம், அதன் மேல் சருகு. நடமாட்டம் அதிகமென்றால் சருகுக்குப் பதில் 20 மி.மீ. ஜல்லி. அந்தத் தெருவின் சருகை அந்தத் தெருவின் பள்ளத்திலேயே போட்டால் அதை அள்ளிக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோகும் வேலையும் குறையும்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரை கடந்தபோது ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. தெருவோர மரம் சாயும் கதை பெரும்பாலும் புயலுக்குப் பல ஆண்டு முன்பே தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் வடிகாலுக்காகத் தோண்டி வேரை அறுத்திருப்பார்கள். மறுபக்கம் மின்கம்பிக்காகக் கிளையை வெட்டியிருப்பார்கள். எடை ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும், வேர்ப் பிடிப்பு இல்லாததும் அதே பக்கம்தான். அக்டோபர் மழையில் மண் ஊறியிருக்கும்போது காற்று வந்தால் முடிந்தது. தூரின் விட்டத்தைப் போல 12 மடங்கு ஆரம், மரத்தைச் சுற்றிக் காக்க வேண்டிய வட்டம்: 30 செ.மீ. விட்டமுள்ள மரத்துக்கு 3.6 மீட்டர். நம் தெருக்களில் அவ்வளவும் கிடைக்காது என்பது உண்மை. ஆனால் மூன்று மடங்குக்குள், அதாவது 90 செ.மீ.க்குள், எந்த வேரையும் தொடக் கூடாது. தூர் பக்கத்தில் கையால் தோண்டுங்கள். 5 செ.மீ.க்கு மேல் தடித்த வேர் வந்தால் அதன் அடியில் குழாயை நுழையுங்கள், வடிகால் பெட்டி என்றால் அந்த இடத்தில் ஓரடி தள்ளி வளையுங்கள். வெட்டியே தீர வேண்டிய மெல்லிய வேரை ரம்பத்தால் நேராக வெட்டி, ஈரச் சாக்கு போர்த்தி, இரண்டு நாளுக்குள் மண் மூடுங்கள். ஜேசிபி பல் பிய்த்த வேர் ஆறாது. பூஞ்சை அந்த வழியாகத்தான் தூருக்கு ஏறும்.

மழைக்கு முந்தைய கவாத்திலும் இதே கதை. ஒருமுறை கவாத்தில் கிளைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. எடுப்பதையும் உள்ளே நெருக்கிய கிளைகளாகப் பார்த்து, எல்லாப் பக்கமும் சமமாக எடுக்க வேண்டும். கிளை தூரோடு சேரும் தடித்த கழுத்தை விட்டுவிட்டு வெட்டினால் மரம் தானே மூடிக்கொள்ளும், தாரோ பெயிண்டோ பூச வேண்டாம். தலையை மொட்டையடிப்பது மோசமானது. அடுத்த மழையில் குச்சி குச்சியாகக் கிளம்பும் கிளைகள் பட்டையோடு மட்டுமே ஒட்டியிருக்கும். இரண்டு மூன்று ஆண்டில் எடை கூடியதும் அவைதான் காரின் மேல் விழும்.

எந்த மரம்? பட்டியல் போடுவது எளிது, அதனால்தான் எல்லோரும் போடுகிறார்கள். கம்பிக்குக் கீழே மந்தாரை, சரக்கொன்றை, நுணா. கடலோர மணலில் புன்னை, பூவரசு, பன்னீர். அகலமான சாலையில் இலுப்பை, புங்கன், நாவல். தண்ணீர் நிற்கும் இடத்தில் நீர்மருது, கடம்பு. இவற்றோடு பள்ளத்தின் தரையில் வெட்டிவேர். ஒரு வாரம் தண்ணீரில் நின்றாலும், ஏழு மாதம் காய்ந்தாலும் பிழைக்கும். குல்மோகரும் பெருங்கொன்றையும் வேகமாக வளர்ந்து அழகாகப் பூக்கும், ஆனால் மரம் மெதுமெதுவென்று இருக்கும்; புயல் பாதையில் இருக்கும் ஊர் அவற்றைச் சாலையோரத்தில் இனி நட வேண்டாம், பூங்காவில் நடலாம். வெளிநாட்டிலிருந்து வந்த அலங்கார மரமான கோனோகார்பஸ் வேண்டவே வேண்டாம். குஜராத் அரசு 2023இல் தடை செய்தது. வேம்பு நம் மரம்தான், ஆனால் அண்மை ஆண்டுகளில் தமிழ்நாடு முழுக்க வேம்பின் நுனி கருகியதைப் பார்த்தோம். ஒரு வார்டின் மரங்களில் ஒரே இனம் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது என்ற பழைய விதி இதற்காகத்தான். புன்னைக்காய் உருளும், புங்கன் பூ கொட்டும், கடைக்காரர்கள் திட்டுவார்கள். அது மரத்தின் குற்றமல்ல, அந்த இடத்துக்கு அதைத் தேர்ந்தவரின் குற்றம்.

நாற்றங்காலிலிருந்து வரும் கன்றின் கறுப்புப் பையைக் கழற்றாமலே நடும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. கழற்றினால் போதாது. பைக்குள் வட்டமாகச் சுற்றிய வேரைக் கத்தியால் மூன்று இடத்தில் மேலிருந்து கீழாகக் கீறி விடுங்கள், இல்லாவிட்டால் பத்தாம் ஆண்டில் அந்த வேரே தூரைச் சுற்றி நெரிக்கும். பையோடு வந்த தாய்மண்ணின் மேல்மட்டமும் தரைமட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும், ஆழமாகப் புதைக்கக் கூடாது. இருபுறமும் இரண்டு மூங்கில், கன்றின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் எட்டு வடிவத்தில் தளர்வாக ஒரு கயிறு. கன்று காற்றில் கொஞ்சம் ஆட வேண்டும், ஆடினால்தான் தூர் தடிக்கும். ஓராண்டில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். இரும்புக் கூண்டு வைத்தால் அதை எடுக்கும் தேதியையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். கம்பியை விழுங்கிக்கொண்டு நிற்கும் மரங்கள் ஊர் முழுக்க இருக்கின்றன. தை முதல் ஆனி வரை வாரம் இருமுறை, தடவைக்கு 20 லிட்டர். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலேயே தங்கிவிடும்.

கன்றுகளை மிக நெருக்கமாக நட்டுக் குறுங்காடு வளர்க்கும் ஜப்பானிய முறையான மியாவாக்கி பற்றி ஒரு சொல். சதுர மீட்டருக்கு மூன்று நான்கு கன்று என்பதால், அரை ஏக்கரில் ஆறாயிரத்துக்கு மேல் கணக்குக் காட்டலாம்; எண்ணிக்கை வேண்டும் என்பவருக்கு அது வரம். குப்பை கொட்டிய மூலை, தொழிற்பேட்டை ஓரம் என்றால் சரி. திறந்த புதர்க்காட்டிலும் குளக்கரையிலும் கொண்டுபோய் வைக்காதீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022இல் ராம்சார் தலமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அது கோரையும் புல்லும் திறந்த நீரும்தான். அங்கே மரம் நடுவது பசுமையாக்கம் அல்ல. மேம்பாலத் தூண்களில் தொங்கும் தொட்டிகளைப் பற்றி எழுத எங்களுக்கு ஆர்வமில்லை. மோட்டார் ஒரு வாரம் நின்றால் என்ன ஆகும் என்பதை அந்த வழியாகப் போகும் எல்லோரும் பார்க்கிறார்கள்.

பூங்காக்களில் மழைநீர்க் குளம் வெட்டுவது நல்ல தொடக்கம். ஆனால் பல பூங்காக்கள் தெருவைவிட ஓரடி மேட்டில், சுற்றுச்சுவருக்குள் இருக்கின்றன. குளத்துக்கு வருவது பூங்காவில் விழும் மழை மட்டும்தான். சுவரின் அடியில் திறப்பு விட்டு, புல்தரையைத் தெருவைவிட 15 செ.மீ. தாழ்த்தினால்தான் தெருத் தண்ணீர் உள்ளே வரும். அதையும் முதலில் புல்லின் வழியே ஓடவிட்டுப் பிறகு குளத்துக்கு விடுங்கள். தெருத் தண்ணீரை நேரே உறைகிணற்றில் இறக்கினால் எண்ணெயையும் சேர்த்து நிலத்தடிக்கு அனுப்புகிறோம்.

இவை அனைத்தும் எஸ்டிமேட்டில் வராவிட்டால் நடக்காது. இப்போது மரக்கன்று என்ற உருப்படிக்கு ‘ஒன்றுக்கு இவ்வளவு’ என்று விலை. அதை மூன்றாக உடையுங்கள்: மண் கன மீட்டருக்கு, கன்று ஒன்றுக்கு, பராமரிப்பு மரத்துக்கு ஆண்டுக்கு. மொத்தத் தொகையில் 40 விழுக்காடு, பள்ளம் அளந்து நிரப்பி நட்ட பிறகு. மீதியை முதல், இரண்டாம், மூன்றாம் ஆண்டு முடிவில் 20 விழுக்காடாக, அன்று உயிரோடு நிற்கும் மரங்களுக்கு மட்டும் கொடுங்கள். உயிரோடு இருந்தால் மட்டும் போதாது, தூரின் சுற்றளவு சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்க வேண்டும். செத்த கன்றுக்குப் பதில் நட்டால் மூன்றாண்டுக் கணக்கு அன்றிலிருந்து மறுபடி தொடங்கட்டும். பள்ளம் திறந்திருக்கும்போது அளவு நாடாவோடு உதவிப் பொறியாளர் பார்த்து, அளவுப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே நிரப்ப வேண்டும். கம்பி கட்டியதைப் பார்க்காமல் கான்கிரீட் போட விட மாட்டீர்கள் அல்லவா? மண்ணுக்கும் அதே வழக்கம் வேண்டும். வடிகால், சாலை, மின்வடம் எந்தப் பணியானாலும், அந்த நான்கு அடியைத் தொடும் வரைபடத்தில் பூங்காத் துறையின் கையெழுத்தும் இருக்க வேண்டும்.

அக்டோபர் முதல் வாரத்தில் எல்லா வாயில்களையும் ஒருமுறை, ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் ஒருமுறை வண்டல் அள்ள ஆள் வேண்டும். இதைத் தூய்மைப் பணியாளர்களின் இப்போதைய வேலையோடு சும்மா சேர்த்துவிடாதீர்கள். தனி நாள்கூலியும் மண்வெட்டியும் கையுறையும் கொடுத்து, தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று அவர்களுக்குக் காட்டி, அவர்கள் சொல்வதையும் கேட்டுச் செய்யுங்கள். எந்த வாயில் எப்போது அடைக்கும் என்பது வரைந்தவரைவிடப் பெருக்குகிறவருக்குத்தான் முதலில் தெரியும்.

இந்த ஆடிக்கு ஒரு மண்டலத்துக்கு ஒரே ஒரு தெரு எடுத்துக்கொள்ளுங்கள். மணல் தெரு, களித் தெரு, பாறைத் தெரு மூன்றும் அவற்றில் இருக்கட்டும். பள்ளம் திறந்திருக்கும் நாளில் மற்ற மண்டலத்துப் பொறியாளர்களையும் மேஸ்திரிகளையும் ஒப்பந்ததாரர்களையும் அழைத்துக் காட்டுங்கள். ஐப்பசி முதல் மார்கழி வரை ஒவ்வொரு மழைக்குப் பின்னும் தண்ணீர் எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை வார்டு அலுவலகத்தில் யாரும் புரட்டிப் பார்க்கும்படி கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள்.

இப்படிக்கு,
சென்னையின் தெரு மரங்களோடும் மழைநீரோடும் வேலை செய்பவர்கள்